தலைவருக்கு ரெண்டு பக்கமும்

என் கணவருக்குக் காது வேலை. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வார். கேட்டவர் சிரிக்கக்கூடிய ஆளாக இருந்தால், "மத்தவங்க மாதிரி மூக்கை நுழைக்கிற வேலை இல்லீங்க" என்று சேர்த்துக்கொள்வார்.

காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்தும் கடை வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் கடை. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, சின்ன விளக்கால் காதுக்குள் பார்ப்பார். நூல் கட்டிய பஞ்சு உருண்டையை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் ரோஸ் நிறப் பசையை நிரப்புவார். பசை இறுகியதும் மெதுவாகத் திருகி எடுத்தால், அந்தக் காதின் உள்பக்கம் அப்படியே கையில் வந்துவிடும். அதை வேறு ஊரில் இருந்த அச்சுக்காரருக்கு அனுப்புவார். அவர் அதைப் பார்த்துக் கெட்டியான அச்சு செய்து அனுப்புவார். அச்சு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் போதும், சத்தம் கசிந்து கருவி விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். கூட்டத்தில் விசில் அடித்துவிட்டால் அந்த மனிதர் பிறகு கருவியைத் தொடமாட்டார்.

சோதிப்பது என் பொறுப்பு. வந்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அப்புறம் எதிரில் உட்கார்ந்து, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவேன். அவர் காதால் எவ்வளவு கேட்கிறார், கண்ணால் எவ்வளவு கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள. வருடக்கணக்கில் இதைச் செய்து, நானும் அவரும் கடையில் ஆள் இருக்கும்போதே சத்தமில்லாமல் பேசிக்கொள்ளப் பழகிவிட்டோம். "இவர் இப்போதைக்குக் கிளம்பமாட்டார்" என்பார். "டீ போட்டா உட்கார்ந்துடுவார், போடாதே" என்பார். அந்தப் பேச்சில் ஒரு ஓட்டை உண்டு. ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். ஒருநாள் என் தலைக்கு மேலே சுவரைக் காட்டி அவர் "பல்லி, பல்லி" என்று பதறிக்கொண்டிருக்க, நான் "சாயங்காலம் கடைக்குப் போறப்ப வாங்கறேன்" என்று சாவதானமாகச் சொன்னேன். எனக்கு அது மல்லி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தோம். காது கேட்கவில்லை என்பதை வெளியில் சொல்ல விரும்பாதவர்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் வருவார்கள். தன் பெயர் எழுதிய டப்பா கடை அலமாரியில் இருப்பதைக்கூட விரும்பமாட்டார்கள். அதனால் டப்பாவில் பட்டப்பெயர்தான் இருக்கும். அச்சுக்காரருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். மகாராணி, டமாரம், நீதிபதி, தலைவர்.

தலைவர் என்பது இரண்டு தெரு தள்ளி இருந்த தையல்காரர். நாங்கள் நேரில் கூப்பிடுவது மாமா என்று. உறவு ஒன்றும் இல்லை; எங்கள் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்ததிலிருந்து வந்த பழக்கம். யார் என்ன சொன்னாலும் வலது கையைக் கொஞ்சம் தூக்கி, "ஆமா, ஆமா, செஞ்சிடலாம்" என்பார். மேடையில் மனு வாங்குகிறவர் மாதிரி இருக்கும். காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது, "ஆமா, ஆமா, ரொம்ப சந்தோஷம், குடும்பத்தோட வந்துடறேன்" என்றாராம். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டே எங்கள் கடைக்குக் கூட்டி வந்தாள். அந்த அம்மா இறந்த பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார்.

பாதுகாப்புச் சட்டம் வந்த வருடம் அது. முதலில் கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள். பிறகு நீட்டிப்பதாகச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். யார் போனையும் கேட்கலாம், யாரையும் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்று செய்தியில் வாசித்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நம்ம போனைக் கேட்டா பாவம், தூங்கிடுவாங்க" என்றார் அவர். நானும் சிரித்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு அது யாருடைய வீட்டுச் சங்கதியோ.

தையல்காரர்கள் சங்கத்தின் வருடக் கூட்டத்துக்கு முந்தைய நாள், தலைவரின் புதுக் கருவிகள் வந்து சேர்ந்தன. என் கணவர் அச்சுக்காரருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "தலைவருக்கு ரெண்டு பக்கமும் ரெடி. நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னாடி நானே போய் மாட்டிவிட்டுடறேன். போன தடவை விசில் அடிச்சு மானத்தை வாங்கிடுச்சு. இந்தத் தடவை கமுக்கமா இருக்கணும்."

மறுநாள் நகரத்தில் அமைச்சர் ஒருவரின் பொதுக்கூட்டமும் இருந்தது. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

போன் செய்த அன்று மதியமே வந்தார்கள். சாதாரணச் சட்டை போட்ட ஆட்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "சார் கொஞ்சம் எங்ககூட வரணும்" என்றார் ஒருவர். படுக்கையில் கிடக்கும் யாரையோ பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் என் கணவர். அப்படி அடிக்கடி நடக்கும். "பையை எடுத்துக்கறேன்" என்று விளக்கும் சிரிஞ்சும் பசை டப்பாவும் இருந்த பையை எடுத்துக்கொண்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எடுத்துக்குங்க" என்றார்கள். வண்டியில் ஏறும்போது, "நோயாளிக்கு வயசு என்ன?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

பிறகு அலமாரியில் இருந்த எல்லா டப்பாக்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரு அதிகாரி மட்டும் பின்தங்கி என்னிடம் சொன்னார். "இந்தச் சட்டத்துல ஒருத்தரை வெச்சிருக்கோம்னு வெளியே சொல்றதே குற்றம்மா. அக்கம்பக்கம், சொந்தக்காரங்க, யாருக்கும். கேட்டா வெளியூர் போயிருக்கார்னு சொல்லுங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"வெளியூர் போனவங்க திரும்பி வர்ற வரைக்கும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

பொய் சொல்வது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது சுலபம். அதைக் கேட்பவர்கள் நம்பிவிடுவதுதான் கஷ்டம். "அப்படியா, குளிர் ஊரா? ஸ்வெட்டர் கொண்டு போனாரா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கொண்டு போனார் என்றேன். அன்று அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. அச்சுக்காரரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்; அவருக்குப் பட்டப்பெயர்களைத் தவிர ஒன்றும் தெரியாது என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். கடையைத் தினமும் திறந்து பெருக்கி, காலி அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். யார் வந்தாலும் ஒரே வாக்கியம்தான். மற்ற நேரமெல்லாம் வாயைத் திறக்கவே வேலையில்லை.

ஒருமுறை மட்டும் பார்க்க விட்டார்கள். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் டெலிபோன், அவருக்குப் பின்னால் ஒரு காவலர். வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் இளைத்திருந்தார். "நல்லா சாப்பிடறேன்" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"பாப்பா போன் பண்ணினா" என்றேன். எங்கள் மகள். வேலைக்குப் போய் வருடங்களாகிவிட்டன, எங்களுக்கு இன்னும் பாப்பாதான். வேறு நாட்டில் இருந்தாள்.

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் உதட்டை அசைத்தார். கடையில் பேசுவோமே, அப்படி. இரண்டே சொல். பாப்பா. சொல்லாதே.

"சத்தமாப் பேசுங்க" என்றார் காவலர்.

"தலைக்கு எண்ணெய் தேய்க்கறியான்னு கேட்டேன்" என்றார் என் கணவர். அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் சொன்னபடியே செய்தேன். வாராவாரம் மகள் கூப்பிடும்போது, "அப்பா குளிக்கிறார்", "அப்பா தூங்கறார்", "இப்பதான் வெளியே போனார்".

"அப்பாவுக்கு என் மேல கோபமாம்மா?" என்று கேட்டாள் ஒரு தடவை.

"சேச்சே. அவருக்கு எதுக்குக் கோபம்?"

"அப்போ ஏன் பேசமாட்டேங்கறார்?"

"கடையில கூட்டம் அதிகம்" என்றேன், காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு.

இதற்கு நடுவில்தான் மாமா வந்தார். தன் கருவி என்னவாயிற்று என்று கேட்க. எதிர்ப் பெட்டிக்கடை வாசலில் அந்த நாட்களில் எப்போதும் ஒரு ஆள் பத்திரிகையை விரித்துக்கொண்டு நிற்பான். பக்கம் திருப்பி நான் பார்த்ததில்லை. மாமா படியில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "ஏம்மா, தம்பி உள்ளேயா இருக்கார்?" என்றார்.

கடைக்கு உள்ளே என்றுதான் அந்த மனிதர் கேட்டார். ஆனால் உள்ளே என்ற சொல்லுக்கு வேறு எந்த உள்ளேயும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

"வெளியூர் போயிருக்கார் மாமா."

"ஆமா, ஆமா" என்று கையைத் தூக்கினார். ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தது. "உள்ளேதான் இருக்கார்னு சொல்லு. நான் அப்புறமா வரேன். தூங்கட்டும்."

பெட்டிக்கடை ஆள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு செவிட்டுக் கிழவர் என்று மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டான்.

சில வாரம் கழித்து அதே அதிகாரி வந்தார். அப்போதுதான் எனக்குக் காரணமே தெரியும். ஒரு தாளைப் பார்த்து, தட்டுத்தடுமாறி வாசித்தார். "தலைவருக்கு ரெண்டு பக்கமும் ரெடி. கூட்டத்துக்கு முன்னாடி மாட்டிவிட்டுடறேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. அவர் சிரிக்காததால் நின்றுபோனது.

"ஐயா, அது காது மிஷின். காதுல மாட்டறது."

"உங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். நான் நம்பறேன்னே வெச்சுக்குங்க. அப்போ அந்தத் தலைவர்ங்கற ஆள் யாரு? காது கேக்காதவர்தானே, வந்து 'ஆமா, என் மிஷின்தான்'னு சொல்லிட்டுப் போகட்டும். பேரைச் சொல்லுங்கன்னா சொல்லமாட்டேங்கறார். வாடிக்கையாளர் ரகசியமாம். சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பார்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. சாயங்காலமே கூட்டிட்டு வந்து விட்டுடறேன்."

ஒரு பெயர். இரண்டு தெரு தள்ளி. சாயங்காலமே என்கிறார். நான் வாயைத் திறந்தேன். தையல்கார மாமா என்று சொல்வதற்காக அல்ல, வெறும் மாமா என்றுதான் பழக்கத்தில் நாக்கில் வந்தது. முதல் எழுத்துக்காக என் உதடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. சேர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு இப்படித்தான் சேர்ந்தது. சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, பிரிந்தது. பாப்பா சொல்லாதே. மாமா சொல்லாதே.

மகளைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்ததால் அதை மகள் என்று எடுத்துக்கொண்டேன். அவர் தினம் தினம் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது மாமாவைப் பற்றி. அவர் ஏன் சொல்லவில்லை என்பது, கேட்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவை ஒரு அறையில் உட்கார வைத்து, பின்னால் இருந்து ஒருத்தர், பக்கத்தில் இருந்து ஒருத்தர் கேள்வி கேட்டால் என்ன நடக்கும்? நீதான் தலைவரா? ஆமா, ஆமா. கூட்டத்துல ஏதாவது செய்றதா இருந்தீங்களா? செஞ்சிடலாம். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வருவார். வரவிட்டால்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ம்" என்றேன். அந்த எழுத்துக்கு வேறு எங்கேயும் போக வழியில்லை. "ம்ஹூம். தெரியாது. நான் சோதிக்கிறதோட சரி. பட்டப்பேர் எல்லாம் அவர் வைக்கிறது."

"யோசிச்சுப் பாருங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

சொல்லிவிடலாம் என்று தோன்றாத நாளே இல்லை. ஒரு வயதானவருக்காக என் வீட்டுக்காரரை நான் ஏன் பறிகொடுக்க வேண்டும் என்று பாத்திரம் துலக்கும்போது சத்தமாகவே கேட்டுக்கொள்வேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சந்திப்பு. குரலே வேண்டாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கையைத் தாழ்த்திக் குழந்தை உயரம் காட்டி பாப்பாவா என்றும், ஊசி நூல் கோர்க்கிற மாதிரி காட்டி அவரா என்றும் கேட்டால் போதும். தலையை ஆட்டுவார். அவர் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குக் குழப்பம் இல்லை. பார்க்க அனுமதி கேட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு நாள் போனேன்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு மத்தியானம்தான் ஆள் வந்து சொன்னது. மாரடைப்பு என்றார்கள். உடலை அன்றைக்கே எடுத்து முடித்துவிட வேண்டும், கூட்டம் கூடாது, வெளியூரில் இறந்ததாகத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் காதோரம் பழுப்பாக ஒரு கன்றல் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் காதுகளைப் பார்த்தவள் நான். அது மாரடைப்பில் வருவதில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

மகள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஏம்மா எனக்குச் சொல்லலை? அங்கேயிருந்து நான் பத்திரிகையில சொல்லியிருப்பேன். வக்கீல் வெச்சிருப்பேன்."

"உங்கப்பா சொல்லவேண்டாம்னார்."

"அப்பா அப்படிச் சொல்லமாட்டார்." அதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். பிறகு, "அந்தத் தலைவர் யாரு? அவர் கோர்ட்ல வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்பா பேராவது சுத்தமாகும்" என்றாள்.

நான் சொல்லவில்லை.

"தெரியாதா, சொல்லமாட்டியா?"

"சொல்லமாட்டேன்."

"அப்பாவைவிட அந்த ஆள் பெரிசா உனக்கு?"

பெரிசு இல்லை. அவர் உயிரைக் கொடுத்து மூடி வைத்ததை நான் திறந்துவிட்டால், அவர் எதற்குப் போனார் என்றே இல்லாமல் ஆகிவிடும். இதை அன்று எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஊருக்குக் கிளம்பிப் போனாள். அதன் பிறகு போனில், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" "ம்." அவ்வளவுதான் எங்களுக்குள்.

மாமா துக்கம் கேட்க வந்தார். வேறெங்கோ வாங்கிய மலிவுக் கருவி அவர் காதில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான மனுஷன். வெளியூர்ல போய் இப்படி ஆயிடுச்சே. கூட யாரும் இல்லையாமே" என்றார். அவர் காதில் ஒன்று விழ வேண்டுமென்றால் நான்கு வீட்டுக்குக் கேட்கும்படிக் கத்த வேண்டும். இந்த உலகத்தில் நான் நடந்ததைச் சொல்லியாக வேண்டிய ஒரே ஆளிடம் ரகசியமாகப் பேசவே வழியில்லை. கருவியைக் கழற்றி, சரியாக உட்காரவிடாமல் இடித்த அச்சின் ஓரத்தை அரம் வைத்துக் கொஞ்சம் தேய்த்து, அழுத்தி மாட்டிவிட்டேன். விசில் நின்றது. "ஆமா, ஆமா, இப்ப நல்லா கேக்குது" என்றார். நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

அப்படியே வருடங்கள் போயின. மாதம் ஒருமுறையாவது வருவார். சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். எதிர்வீட்டுக்காரிகூட, "உங்களுக்கு நல்ல துணை இந்த மாமா" என்று கிண்டல் செய்தாள். ஒருநாளும் அவரை நான் வெறுக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் இல்லை என்பதால் பதறினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை. தையல்கார மாமா போயிட்டார்."

"யாரு, எனக்கு யூனிஃபார்ம் தைப்பாரே, அவரா? அடப்பாவமே. எப்பம்மா?"

"முந்தாநாள். உங்கப்பா தலைவர்னு சொன்னது அவரைத்தான்."

அவள் தாழ்ந்த குரலில், "அம்மா, இது போன்" என்றாள்.

"தெரியும்."

"அம்மா."

"இனிமே யாரைப் பிடிச்சுட்டுப் போவாங்க? என்னையா? போகட்டும்." அந்தச் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. "உங்கப்பா வெளியூர்ல சாகலை. அவங்ககிட்ட இருந்தப்ப செத்தார். அன்னைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னது பாப்பாவா மாமாவான்னு எனக்குத் தெரியாது. உதடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். நான் உன்னைன்னு எடுத்துக்கிட்டேன்."

போனில் மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். மறுபடியும் ஒருமுறை. குரல் இல்லாமல் அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் கடைசியில். "ரேடியோ எதுவும் வைக்காம சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் வந்த அன்றைக்கு மதியம் அவருக்குத் தட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்தேன்.